நயாகரா: அமெரிக்கக் கரையா, கனடாக் கரையா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நயாகராவை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் கனடாக் கரை. பக்கத்தில் போய் நனைய வேண்டுமென்றால் அமெரிக்கக் கரை. இரண்டு நாட்டுக்கும் செல்லுபடியாகும் காகிதங்கள் கையில் இருந்தால், கனடாவில் தங்கிக்கொண்டு ஒரு பகல் பொழுதுக்குப் பாலத்தை நடந்தே கடந்து அமெரிக்கப் பக்கம் போய்வருவதுதான் உத்தமம். காகிதம் ஒரு பக்கத்துக்கு மட்டும் இருந்தால் அதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். எது விட்டுப்போகிறது, அதை எதைக்கொண்டு ஈடுகட்டலாம் என்று தெரிந்தால் போதும்.

எந்தப் பக்கம் அழகு என்பது காலங்காலமாக நடக்கும் பட்டிமன்றம். ஆனால் விடை ரசனையில் இல்லை, ஆறு கிடக்கும் கிடப்பில் இருக்கிறது. ஈரி ஏரியிலிருந்து ஒன்டாரியோ ஏரிக்கு வடக்கு நோக்கிப் போகும் நயாகரா ஆறு மொத்தமே சுமார் 58 கிலோமீட்டர்தான். இரண்டு ஏரிகளின் மட்டத்துக்கும் ஏறத்தாழ 99 மீட்டர் வித்தியாசம். அதில் பாதிக்கு மேல் அருவி இருக்கும் அந்த ஓர் இடத்திலேயே இறங்கிவிடுகிறது. அருவிக்குச் சற்று முன்னால் ஆறு மேற்கு நோக்கி ஓடிவந்து, கோட் தீவில் மோதி இரண்டாகப் பிரிகிறது. விழுந்தபின் சட்டென்று வடகிழக்காகத் திரும்பிப் பள்ளத்தாக்குக்குள் போகிறது. திருப்பத்தின் முனையில் இருப்பது குதிரைலாட அருவி. திரும்பியபின் வரும் கிழக்குச் சுவரில் இருப்பவை அமெரிக்க அருவியும், அதன் ஓரமாக ஒட்டிக்கிடக்கும் பிரைடல் வெயில் என்ற சிறிய அருவியும். ஆக மூன்றுக்கும் முகம் கனடாவைப் பார்த்து இருக்கிறது. அமெரிக்காவில் நிற்பவர்கள் அமெரிக்க அருவியின் தோளில் நிற்கிறார்கள். அதன் முகம் அவர்களுக்குத் தெரியாது.

அளவும் இதே கதைதான். குதிரைலாட அருவி 57 மீட்டர் உயரம், வளைந்த விளிம்பு சுமார் 670 மீட்டர் நீளம். ஆற்றில் வரும் நீரில் பத்தில் ஒன்பது பங்கு இதன் வழியாகத்தான் விழுகிறது. எல்லைக்கோடு இதன் ஊடாகவே போனாலும் பெரும்பகுதி கனடாவுக்குச் சொந்தம். அமெரிக்க அருவியின் விளிம்பு முந்நூறு மீட்டருக்கும் குறைவு. உயரம் இருந்தும் நீர் முழுசாக விழுவதில்லை. அடியில் குவிந்து கிடக்கும் பாறைகளின் மேல் 21 முதல் 34 மீட்டர் மட்டும் விழுந்து சிதறுகிறது. 'படத்தில் பார்த்த அருவி இதுவா?' என்று அமெரிக்கப் பக்கம் போனவர்கள் முகம் சுளிப்பது இதனால்தான். அவர்கள் படத்தில் பார்த்தது குதிரைலாடத்தை, அதுவும் கனடாவிலிருந்து எடுத்த படத்தில்.

அந்தப் பாறைக்குவியலை அகற்ற முடியாதா என்று 1969இல் சோதித்தே பார்த்தார்கள். அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் ஜூன் மாதம் ஆற்றின் குறுக்கே தற்காலிக அணை கட்டி, அமெரிக்க அருவிக்குப் போகும் நீரை மொத்தமாகக் கனடாப் பக்கம் திருப்பினார்கள். நவம்பர்வரை அருவி வறண்டு கிடந்தது. அதையே பார்க்கக் கூட்டம் வந்தது. விளிம்பில் மேலே இருப்பது கெட்டியான டோலமைட் பாறை, கீழே இருப்பது பொடிந்து உதிரும் களிப்பாறை. கீழ்ப்பாறை அரித்துப்போனதும் மேல்பாறை தாங்கலின்றி முறிந்து விழுகிறது. குவியலை எடுத்தால் அருவிச் சுவருக்கு இருக்கும் முட்டும் போய்விடக்கூடும், செலவும் கட்டாது என்று முடிவு செய்து, இருந்தபடியே விட்டார்கள். இதே முறிவால்தான் சுமார் 12,000 ஆண்டுகளில் அருவி, ஆற்றின் கீழ்ப்போக்கில் இருக்கும் இன்றைய குவீன்ஸ்டன் ஊரிலிருந்து 11 கிலோமீட்டர் பின்வாங்கி இப்போதிருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது.

முதலில் காகிதம்

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கோ படிப்புக்கோ அமெரிக்கா போனவர்களுக்கு எந்தக் கரை என்ற கேள்வியைப் பெரும்பாலும் பாஸ்போர்ட்தான் தீர்க்கிறது. இந்திய பாஸ்போர்ட்டுக்குக் கனடாப் பார்வையாளர் விசா வேண்டும். அமெரிக்க விசா இருந்தால் போதும் என்று சிலர் நம்பிக்கொண்டு போகிறார்கள், போதாது. கைரேகை கொடுத்து, பாஸ்போர்ட்டை அனுப்பி, முத்திரை வாங்கி வர வாரக்கணக்கில் ஆகும். நீண்ட வார இறுதிக்குத் திட்டமிட்டால் அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் விசா தேவையில்லை. செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் கார்டும் சேர்ந்து இருந்தால் போதும்.

போவதைவிடத் திரும்பி வருவதில்தான் சிக்கல் அதிகம். எச்-1பி என்ற வேலை விசாவிலோ எஃப்-1 என்ற மாணவர் விசாவிலோ இருப்பவரின் பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா முத்திரை காலாவதியாகி இருந்தாலும், கனடாவுக்கு மட்டும் போய் 30 நாட்களுக்குள் திரும்பினால், பழைய முத்திரையை வைத்தே உள்ளே வர ஒரு விதி இடம் கொடுக்கிறது. நிபந்தனைகள் உண்டு. எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 நுழைவுப் பதிவு செல்லுபடியாக இருக்க வேண்டும். கனடாவில் இருக்கும்போது புதிய அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பிக்கக்கூடாது. விண்ணப்பித்தால் இந்தச் சலுகை போய்விடும், முத்திரை கிடைக்கும்வரை வெளியில் காத்திருக்க வேண்டியதுதான். எச்-1பிகாரர்கள் ஒப்புதலைக் காட்டும் ஐ-797 தாளையும், மாணவர்கள் கல்லூரியின் பயணக் கையெழுத்து உள்ள ஐ-20 படிவத்தையும் எடுத்துப்போக வேண்டும். எஃப்-1இலிருந்து எச்-1பிக்கு மாற விண்ணப்பம் போட்டு அது இன்னும் நிலுவையில் இருக்கும்போது நாட்டைவிட்டு வெளியே போனால், அந்த நிலைமாற்றக் கோரிக்கையைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். ஏப்ரலில் விண்ணப்பித்துவிட்டு அக்டோபரில் எச்-1பி தொடங்கக் காத்திருக்கும் மாணவர்கள் ஒரு படகுச் சவாரிக்காக இந்த வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போவோருக்கு இன்னொன்று: கனடா எல்லையைத் தொட்டுவிட்டு வந்தால் தங்குவதற்குப் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்ற பேச்சை நம்பித் திட்டம் போடாதீர்கள். குறுகிய பயணமாகக் கனடா போய்வந்தால் பழைய ஐ-94 தேதியே தொடர்வதுதான் வழக்கம்.

கனடாவிலிருந்து வருபவர்களுக்குக் கணக்கு தலைகீழ். டொரண்டோவிலும் ஸ்கார்பரோவிலும் வாழும் ஈழத்தமிழரில் கனடியக் குடியுரிமை பெற்றவர்களுக்குப் பாஸ்போர்ட் மட்டும் போதும். நிரந்தர வதிவிட அட்டை மட்டும் வைத்துக்கொண்டு இலங்கை அல்லது இந்திய பாஸ்போர்ட்டில் இருப்பவர்களுக்கு அமெரிக்க விசா கட்டாயம். அட்டையைக் காட்டினால் விடுவார்கள் என்பது தப்புக்கணக்கு. விதிகள் மாறுகிறவை என்பதால் கிளம்புவதற்கு முன் இரு அரசுகளின் இணையதளத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காகிதம் இல்லாமல் அமெரிக்கப் பக்கத்துக்குக் காரில் போகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். இரு நாட்டையும் இணைக்கும் ரெயின்போ பாலம் நகரின் நடுவிலேயே இருக்கிறது. வாகன நிறுத்தம் தேடிக்கொண்டே போகையில் 'கனடாவுக்குப் பாலம்' என்ற தடத்தில் ஏறிவிட்டால் நடுவில் திரும்ப வழியில்லை. எல்லைச் சாவடிவரை போய், விளக்கம் சொல்லி, எழுத்து வேலைகள் முடிந்துதான் திரும்பலாம். கனடாவுக்கு முந்தைய கடைசி வெளியேற்றம் என்ற பலகையைப் பார்த்தவுடன் வரைபடக் குரலை நம்பாமல் ஒதுங்கிவிடுவது நல்லது.

அமெரிக்கக் கரையில் கிடைப்பது

முகம் தெரியாது என்றோமே, அதற்கு ஈடாக இங்கே கிடைப்பது நெருக்கம். கோட் தீவு முழுக்க நடைபாதை. அதன் மேற்கு முனையான டெராபின் பாயிண்டில் நின்றால், குதிரைலாடத்தின் விளிம்பில் பச்சை நிறமாக நீர் வளைந்து கவிழ்வது கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். லூனா தீவு, அமெரிக்க அருவிக்கும் பிரைடல் வெயிலுக்கும் நடுவே இருக்கும் திட்டு. இரண்டு பக்கமும் தண்ணீர் விழ, நடுவில் நிற்கலாம். மூன்று சகோதரிகள் தீவுகளில் கூட்டம் குறைவு. அருவிக்கு மேலே ஆறு எத்தனை ஆவேசமாக வருகிறது என்பதை அங்கேதான் உணரலாம். ஆழம் குறைந்த மாதிரி தெரியும் அந்தத் தண்ணீரில் கால் நனைக்க இறங்குவது உயிரோடு விளையாடுவது. குற்றால நினைப்பில் போகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நனைய ஆசைப்படுகிறவர்களுக்கு 'கேவ் ஆஃப் த விண்ட்ஸ்' இருக்கிறது. மின்தூக்கி 53 மீட்டர் கீழே பள்ளத்தாக்குக்கு இறக்கிவிடும். அங்கிருந்து மரப்படிகள் வழியாக ஏறினால் 'ஹரிகேன் டெக்' என்ற மேல்தளம்; பிரைடல் வெயில் ஆறேழு மீட்டர் தூரத்தில் விழும். மெல்லிய மழைச்சட்டை தருவார்கள், அது சம்பிரதாயத்துக்குத்தான்; தொப்பலாக நனைந்துதான் வருவீர்கள். பெயரில் இருக்கும் குகை இப்போது இல்லை, 1950களிலேயே பாறை சரிந்து போய்விட்டது. மரத்தளங்களைப் பனி நொறுக்கிவிடும் என்பதால் இலையுதிர்காலத்தில் கழற்றி, வசந்தத்தில் மறுபடி கட்டுகிறார்கள். அதனால் ஏப்ரலில் போனால் தளங்கள் முழுசாகத் தயாராகி இருக்காது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்தப் படிகள் கஷ்டம். சின்னக் குழந்தைகளுக்கு மேல்தளத்தில் உயர வரம்பும் உண்டு.

காகிதமில்லாதவர்களுக்கு முகம் பார்க்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. ப்ராஸ்பெக்ட் பாயிண்டில் பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும் கண்காணிப்புக் கோபுரத்தின் முனைக்குப் போனால் அமெரிக்க அருவி பக்கவாட்டில் முழுசாகத் தெரியும், தூரத்தில் குதிரைலாடமும் தெரியும். கனடாக் காட்சியில் பாதியாவது இதில் கிடைத்துவிடும்.

இந்தக் கரை இத்தனை மரமும் புல்லுமாக இருப்பதற்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கரை முழுதும் தனியாரிடம் இருந்தது. வேலி போட்டு, அதில் ஓட்டை வைத்து, எட்டிப்பார்க்கக் காசு வாங்கினார்கள். ஆலைகள் கரையை அடைத்து நின்றன. நிலவடிவமைப்பாளர் ஃபிரடெரிக் லா ஓல்ம்ஸ்டெட் உள்ளிட்டோர் நடத்திய இயக்கத்தால் நியூயார்க் மாநிலம் 1885இல் நிலத்தை வாங்கிப் பூங்காவாக்கியது. அமெரிக்காவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா இது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது. வண்டி நிறுத்தவும் சவாரிகளுக்கும்தான் காசு.

கனடாக் கரையில் கிடைப்பது

இங்கே எதற்கும் சீட்டு வாங்காமலேயே முக்கால்வாசி பார்த்துவிடலாம். ரெயின்போ பாலத்தடியிலிருந்து, குதிரைலாடத்தின் விளிம்பை ஒட்டி இருக்கும் டேபிள் ராக் வரை பள்ளத்தாக்கு ஓரமாகவே ஒன்றரை கிலோமீட்டர் அளவுக்கு நடைபாதை. நடக்க நடக்க அமெரிக்க அருவி நேரெதிரே வந்து, பிரைடல் வெயில் விலகி, குதிரைலாடம் வாய் திறக்கும். கைப்பிடிச் சுவர் தாழ்வானது. குழந்தையை அதன்மேல் உட்கார வைத்துப் படம் எடுக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள்.

டேபிள் ராக்கிலிருந்து 'ஜர்னி பிஹைண்ட் த ஃபால்ஸ்' என்ற சுரங்கப்பாதைக்கு மின்தூக்கி 38 மீட்டர் இறங்குகிறது. குதிரைலாடத்தின் பின்பக்கம் போகலாம் என்று விளம்பரம். போகலாம்தான், ஆனால் பின்னாலிருக்கும் இரண்டு திறப்புகளில் தெரிவது வெள்ளைத் திரை மட்டும். அதற்காக வரிசையில் நிற்பதைவிட, அதே சீட்டில் வரும் வெளிமாடத்தில் அதிக நேரம் நில்லுங்கள். அருவியின் கால்மாட்டில் நிற்பது அங்கேதான்.

இதைவிட மேலானதாக ஒன்று சமீபத்தில் வந்திருக்கிறது. 1905இல் தொடங்கி ஒரு நூற்றாண்டு ஓடி ஓய்ந்த நீர்மின் நிலையத்தைக் காட்சியகமாக்கி, 2022இல் அதன் நீர் வெளியேற்றச் சுரங்கத்தையும் திறந்துவிட்டார்கள். கண்ணாடி மின்தூக்கி 55 மீட்டர் இறக்கும். அங்கிருந்து 670 மீட்டர் நீளச் சுரங்கத்தில் நடந்தால், ஒரு காலத்தில் சுழலிகளைச் சுற்றிவிட்டு நீர் வெளியேறிய வாயில் ஆற்றுமட்டத்தில் குதிரைலாடத்துக்குப் பக்கத்திலேயே திறக்கிறது. கனடாப் பக்கம் ஒரே ஒரு சீட்டுக்குத்தான் காசு என்றால் இதற்குக் கொடுங்கள். மழை பெய்தாலும் கெடாது, வயதானவர்களுக்கும் சமதள நடை.

1965இல் திறந்த ஸ்கைலான் கோபுரம் மேலிருந்து பார்க்க. ஆறு திரும்பும் விதத்தைப் புரிந்துகொள்ள அந்த உயரம் உதவும், ஆனால் கீழேயிருந்து பார்க்கும் பிரமிப்பு அதில் வராது. கிளிஃப்டன் ஹில் என்ற தெரு முழுக்க மெழுகுப்பொம்மை, பேய்வீடு, ஐஸ்கிரீம். பிள்ளைகள் இருந்தால் தப்ப முடியாது, பணப்பையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படகு: எந்தப் பக்கமானாலும் ஒன்றுதான்

படகுக்கு மட்டும் கரை பார்க்க வேண்டியதில்லை. 1846இல் தொடங்கிய 'மெய்ட் ஆஃப் த மிஸ்ட்' இப்போது அமெரிக்கப் பக்கத்திலிருந்து மட்டும் போகிறது. 2014முதல் கனடாப் பக்கத்துக்கு வேறொரு நிறுவனம். இரண்டும் அமெரிக்க அருவியை ஒட்டிப் போய், குதிரைலாடத்தின் குழிக்குள் நின்று, சுமார் 20 நிமிடத்தில் திரும்புகின்றன. அமெரிக்கப் படகில் நீல மழைச்சட்டை, கனடாப் படகில் சிவப்பு. அமெரிக்கப் பக்கத்துப் படகுகள் 2020முதல் மின்கலத்தில் ஓடுவதால் புகையும் இரைச்சலும் இல்லை. கனடாப் படகுகள் பெரியவை, இலையுதிர்காலத்தில் கூடுதலாகச் சில வாரங்கள் ஓடும். இரண்டிலும் ஏறுவது வீண் செலவு. கனடா விசா இல்லாதவர்களுக்கு ஆறுதலும் இந்தப் படகுதான்: குதிரைலாடத்தை முகத்துக்கு முகம் பார்க்க எல்லை தாண்ட வேண்டியதே இல்லை. மேல்தட்டில், முன்பக்கம் இடம் பிடியுங்கள். செல்பேசியை உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள். குழிக்குள் போனதும் சாரலில் எதுவும் தெரியாது. நல்ல படம் வேண்டுமென்றால் அதற்கு முந்தைய இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும்.

எப்போது போவது: மின்சாரம் போட்ட நேரக்கணக்கு

எந்தக் கரை என்று யோசிக்கும் அளவுக்கு எந்த நேரம் என்று யாரும் யோசிப்பதில்லை. ஆனால் நயாகராவில் விழும் தண்ணீரின் அளவை மழையைவிட ஓர் ஒப்பந்தம்தான் அதிகம் தீர்மானிக்கிறது.

ஆற்றில் சராசரியாக வினாடிக்கு 5,700 கனமீட்டர் அளவுக்கு நீர் வருகிறது. 1950இல் அமெரிக்காவும் கனடாவும் செய்த ஒப்பந்தப்படி, ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 8 மணியிலிருந்து இரவு 10 மணிவரையும், செப்டம்பர் 16 முதல் அக்டோபர் 31 வரை காலை 8 முதல் இரவு 8 வரையும் குறைந்தது 2,832 கனமீட்டர் நீரை அருவியில் விட வேண்டும். மற்ற நேரங்களில், குளிர்காலப் பகல் உட்பட, 1,416 போதும். மிச்சத்தை இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்து மின்சாரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆக, கோடைப் பகலில் நாம் பார்ப்பது ஆற்றில் பாதி. ராத்திரியிலும் குளிர்காலத்திலும் கால்வாசி. அருவிக்கு மேலே, கனடாக் கரையிலிருந்து ஆற்றின் நடுப்பகுதிவரை நீளும் மதகு வரிசையைக் கவனித்தால் அந்தக் கட்டுப்பாட்டு அணை தெரியும். நீர் பங்கீடு நடப்பது அங்கே. குறைந்த நீரிலும் திரை கிழியாமல் இருப்பதற்காக 1950களில் ஆற்றுப் படுகையைத் தோண்டி, குதிரைலாடத்தின் இரு ஓரங்களையும் நிரப்பி விளிம்பையே சுருக்கினார்கள். இயற்கை அதிசயம் என்று நாம் கும்பிடுவதில் கணிசமான பங்கு பொறியியல்.

எடுத்த நீர் எங்கே போகிறது? அருவியைச் சுற்றிவளைத்துச் சுரங்கங்கள் வழியாகக் கீழே குவீன்ஸ்டன், லூயிஸ்டன் பக்கம் போகிறது. அருவியின் உயரத்தோடு, அதற்குக் கீழேயும் மேலேயும் ஆறு இரைந்து பாயும் இடங்களின் சரிவும் சேர்ந்து கிடைப்பதால் அங்கே மின்சாரம் எடுப்பது லாபம். கனடாவில் சர் ஆடம் பெக் நிலையங்கள். முதலாவது 1922இல், இரண்டாவது 1954இல். 2013இல் அவற்றுக்காகவே 10.2 கிலோமீட்டர் நீளத்துக்கு, 14.4 மீட்டர் விட்டமுள்ள எந்திரத்தால் இன்னொரு சுரங்கம் குடைந்தார்கள். எதிர்க்கரையில் 1961இல் வந்த ராபர்ட் மோசஸ் நிலையம். ராத்திரி கிடைக்கும் அதிக நீரை மேலே தேக்கத்துக்கு ஏற்றிவைத்து, பகலில் தேவை கூடும்போது திறந்து விடுகிறார்கள். லூயிஸ்டனில் இதை விளக்கும் 'பவர் விஸ்டா' பார்வையாளர் மையத்துக்கு அனுமதி இலவசம். பொறியியல் படித்த பிள்ளைகளோடு போகிறவர்கள் அமெரிக்கப் பக்கத்தில் அரைநாள் இதற்கு ஒதுக்கலாம். 1896 நவம்பரில் இங்கிருந்து பஃபலோ நகருக்கு மாறுமின்சாரம் போனதுதான், எட்ட இருக்கும் ஊருக்கும் பெரிய அளவில் மின்சாரம் அனுப்ப முடியும் என்பதை உலகுக்குக் காட்டியது. பொறியாளர் நிக்கோலா டெஸ்லாவின் காப்புரிமைகளும் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் எந்திரங்களும் அதில் இருந்தன. இரு கரையிலும் டெஸ்லாவுக்குச் சிலை இருக்கிறது.

இந்தக் கணக்கிலிருந்து பயணிக்குக் கிடைக்கும் யோசனை: இரவு வண்ண விளக்குக் காட்சியைக் கோடையில் 10 மணிக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். அதன்பின் விளக்கு எரியும், தண்ணீர் மெலியும். விளக்குகள் கனடாக் கரையிலிருந்துதான் பாய்ச்சப்படுகின்றன, அங்கிருந்து பார்ப்பதுதான் அழகு.

வெயிலுக்கும் கரை உண்டு. கனடாவில் நின்றால் முகம் கிழக்கே. காலையில் சூரியன் அருவிக்குப் பின்னால் இருப்பதால் படங்கள் மங்கும். மதியத்துக்கு மேல் முதுகில் வெயிலும் எதிரே வானவில்லும். அமெரிக்காவில் டெராபின் பாயிண்டில் நின்றால் முகம் மேற்கே, வானவில் காலையில். முற்பகல் அமெரிக்கா, பிற்பகல் கனடா என்ற வரிசை இதனால்தான் பொருந்துகிறது.

எங்கே தங்குவது

விடுதி ஜன்னலிலிருந்து அருவி வேண்டுமென்றால் கனடாவைத் தவிர வேறு வழியில்லை, விலையும் அதற்கேற்ப. 'அருவிக் காட்சி' என்று எழுதியிருந்தாலும் எந்த அருவி, எந்த மாடி என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். அமெரிக்க அருவி மட்டும் தெரியும் அறைகளும் அதே பெயரில் போகின்றன. நிறுத்தக் கட்டணத்தையும் விடுதிகள் தனியாகச் சேர்க்கும் சுற்றுலா வரிகளையும் கணக்கில் வையுங்கள்.

அமெரிக்கப் பக்க நகரம் பூங்காவை விட்டு நாலு தெரு தாண்டினால் சோர்ந்து தெரியும். காரணம் அதே மின்சாரம். மலிவான மின்சாரத்தை நம்பி வேதிப்பொருள், உலோக ஆலைகள் ஊரை நிறைத்தன. 1956இல் ஷோல்காஃப் மின்நிலையம் பாறைச் சரிவில் இடிந்து பள்ளத்தாக்கில் விழுந்தது. பின்னர் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஒரு ரசாயன ஆலை கழிவைக் கொட்டி மூடிய கால்வாய்மேல் எழுந்த லவ் கெனால் குடியிருப்பை 1978இல் காலி செய்ய வேண்டிவந்தது. 1960இல் 1,02,394 ஆக இருந்த மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 48,671. அறை வாடகை அங்கே குறைவு என்பது உண்மை. இரவு ஒன்பதுக்கு மேல் குடும்பத்தோடு உலாவ இடம் தேடினால் பூங்கா ஓரம்தான். காரில் வருகிறவர்கள் பஃபலோவில் தங்கிவிட்டு அரைமணி நேரம் ஓட்டிவருவதும் நல்ல யோசனை.

குளிர்காலம்

டிசம்பர் முதல் மார்ச் வரை படகு கிடையாது, மரத்தளங்கள் கிடையாது, தண்ணீரும் கோடைப் பகலில் விழுவதில் பாதி. கனடாவின் சுரங்கங்கள் இரண்டும் திறந்திருக்கும். உறைந்த மரங்களும் பனித்திட்டுகளுமாக அருவி வேறு கோலம் காட்டும். அந்தப் பருவத்தில் கனடாவுக்குப் போட்டியே இல்லை. அருவி முழுசாக உறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 1848 மார்ச்சில் ஈரி ஏரி வாயில் பனிக்கட்டி அடைத்து ஒன்றரை நாள்போல ஆறே நின்றுபோனது உண்டு. இப்போது ஏரி வாயில் பனித்தடுப்பு மிதவை போட்டிருப்பதால் அதற்கும் வாய்ப்பு குறைவு.

யாருக்கு எது

நியூஜெர்சியிலிருந்து ஆறேழு மணி நேரம் ஓட்டி வருகிறீர்கள், கனடா விசா இல்லை என்றால்: இரண்டு பகல் அமெரிக்கக் கரை. முதல் நாள் மாலை கண்காணிப்புக் கோபுரமும் லூனா தீவும். மறுநாள் காலை எட்டரைக்கே டெராபின் பாயிண்ட், கூட்டம் சேருமுன் படகு, பிறகு கேவ் ஆஃப் த விண்ட்ஸ். நனைவதைக் கடைசியில் வைத்துக்கொண்டால் மாற்று உடையோடு அப்படியே வண்டி ஏறலாம்.

டொரண்டோவிலிருந்து வரும் குடும்பத்துக்கு 130 கிலோமீட்டர்தான். காலையில் புளிச்சாதம் கட்டிக்கொண்டு கிளம்பினால் ஒரே நாளில் முடிந்துவிடும். கோடை ஞாயிறுகளில் திரும்பும் பாதை நெரியும் என்பதால் வார நாள் நல்லது. கூடவே அமெரிக்க விசாவுக்கு அலைய வேண்டிய அவசியம் இல்லை. இங்கிருந்தே பெரும்பகுதி கிடைக்கிறது.

வயதான பெற்றோருக்குக் கனடா. படியேற்றம் இல்லாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். விசா எடுக்க முடியாவிட்டால் அமெரிக்கப் பக்கப் படகுக்கு மின்தூக்கியிலேயே இறங்கிவிடலாம், கேவ் ஆஃப் த விண்ட்ஸை மட்டும் விட்டுவிடுங்கள்.

இரண்டு காகிதமும் உள்ளவர்கள் கனடாவில் அறை எடுத்து, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, காலை எட்டு மணிக்கு ரெயின்போ பாலத்தை நடந்து கடக்கலாம். கோடை வார இறுதிகளில் கார்கள் மணிக்கணக்கில் நிற்கும் வரிசை நடப்பவர்களுக்குப் பெரும்பாலும் இருக்காது. நடப்பவர்களுக்கும் சிறு கட்டணம் உண்டு, ஒன்றிரண்டு டாலர் சில்லறை கையில் இருக்கட்டும். கோட் தீவும் கேவ் ஆஃப் த விண்ட்ஸும் முடித்து மூன்று மணிக்குள் திரும்பினால், கனடாப் பக்கம் வெயில் முதுகுக்கு வந்திருக்கும். பாஸ்போர்ட்டைச் சாரல் படாத உறையில் வையுங்கள். நனைந்து ஊறிய பாஸ்போர்ட்டை எல்லை அதிகாரியிடம் நீட்டுவது நல்ல அனுபவமாக இருக்காது.